வழக்கறிஞர் சிதம்பரனாரின் இல்லறம்

(திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவு வரிசையில், மண்டலாபிஷேக நாட்களுள் ஒன்றின் மாலையில் நிகழ்த்தப்பெற்றது)



இத்திருக்கோயிலின் திருப்பணி இனிது நிறைவுற்று, விமானங்களின்மேல் கலசநீர் சொரிந்த காட்சியைக் கண்ட கண்கள் இன்னும் குளிர்ச்சி மாறவில்லை. இச்சொற்பொழிவு வரிசையில் நாயன்மார் வரலாறுகளையும் தலபுராணப் பெருமைகளையும் வல்லார் வாய்க் கேட்டு மகிழ்ந்தீர்கள். இன்று எனக்குத் தரப்பட்ட பொருள் அவற்றினின்றும் சிறிது வேறுபட்டது. வழக்கறிஞர் ஒருவரின் இல்வாழ்க்கையைப் பற்றிப் பேசுக என்று விழாக் குழுவினர் பணித்தனர்.

"கோயிற் பந்தலில் வக்கீலுக்கு என்ன வேலை?" என்று முன்வரிசையிலிருக்கும் அன்பர் ஒருவர் புன்னகை செய்கிறார். வினா நியாயமானதே. கோர்ட்டுப் படியேறுகிறவன் பொய்க்கு அஞ்சான் என்பது ஊரார் பேச்சு. மனைவி மக்களைக் காப்பவனுக்குத் தவத்திற்கு நேரமில்லை என்பதும் அவ்வாறே. இவ்விரண்டு பேச்சுக்களையும் தம் வாழ்வினாலே மறுத்துக் காட்டிய ஒருவரை யான் அறிவேன். நீங்களும் அறிவீர்கள். ஆனால் அவரைக் கப்பலோடு சேர்த்தும் செக்கோடு சேர்த்தும் மட்டுமே அறிந்திருக்கிறோம். வீட்டோடு சேர்த்து அறிந்தவர் சிலரே. அவர்தாம் ஓட்டப்பிடாரம் உலகநாத பிள்ளையின் மைந்தர், வ. உ. சிதம்பரனார்.

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார். தாயார் பரமாயி அம்மாள். தந்தையாரும் வழக்கறிஞரே. பாட்டியாரிடம் சிவபெருமானைப் பற்றிய கதைகளையும், பாட்டனாரிடம் இராமாயணக் கதைகளையும் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். தூத்துக்குடியிற் கல்வி கற்று, சிறிது காலம் தாலுக்கா ஆபீசிற் குமாஸ்தாவாக அமர்ந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று, 1894-ஆம் ஆண்டு வக்கீல் தேர்வில் வெற்றி பெற்றார். மறு ஆண்டிலே சொந்த ஊரில் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தில் ஊர்ப்புறத்து ஏழை ஒருவன்மீது போலீசார் வழக்கொன்று தொடுத்தால், அவனுக்காகப் பேச வருவார் யார்? வக்கீல் பீசு கொடுக்க அவனிடம் பொருளில்லை. சாட்சி சொல்ல அயலானுக்குத் துணிவில்லை. இத்தகையோர் சிதம்பரனாரின் திண்ணையை நாடி வந்தனர். கொடுத்தவரிடம் பெற்றுக்கொண்டும், இல்லாதவரிடம் ஒன்றும் பெறாமலும் அவர் வாதாடினார். தந்தையார் ஒரு தரப்பிலும் மைந்தர் எதிர்த் தரப்பிலும் நின்ற வழக்குகளும் உண்டு என்பர். பொய் வழக்குகளை உடைத்தெறியும் இளைஞரைப் போலீசார் விரும்புவரோ? பகை வளர்ந்தது. மகனுக்குத் தீங்கு நேராதிருக்க வேண்டுமே என்று அஞ்சிய தந்தையார், 1900-ஆம் ஆண்டில் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

இனி அவர் இல்லத்துள் நுழைவோம். அவர்தம் முதல் மனைவியார் பெயர் வள்ளியம்மாள். அவ்வம்மையாரைப் பற்றி ஒரு செய்தியைச் சிதம்பரனார் தாம் செய்யுளில் இயற்றிய சுயசரிதையிற் பதிந்து வைத்திருக்கிறார். இராமையா தேசிகர் என்றொருவர் இருந்தார். வேதாந்த நூற் பயிற்சி மிக்கவர். ஆனால் கண்பார்வை இல்லாதவர். தாழ்ந்த குலத்தவர் என்று ஊரார் ஒதுக்கிவைத்த மரபிற் பிறந்தவர். அவரைச் சிதம்பரனார் தம் வீட்டிலே வைத்துப் போற்ற விரும்பினார். நூறாண்டுகளுக்கு முன் ஒரு சைவ வேளாளர் வீட்டில் இது நடக்கக்கூடிய காரியமா? சுற்றத்தார் முகம் சுளித்தனர். கணவர் மனைவியாரின் கருத்தைக் கேட்டார். அவ்வம்மையாரோ தயங்கவில்லை. அறிவுடையாருக்குச் சாதி ஏது என்னும் கருத்தினராய், தம் கையாலேயே அன்னமிட்டு உபசரித்தார்.

அன்பர்களே, இவ்விடத்திற் சற்றே நிற்போம். கணவர் கட்டளையிடவில்லை, கேட்டார். மனைவியார் பணிந்து இணங்கவில்லை, உணர்ந்து ஏற்றார். மாகேசுர பூசை என்று நாம் கோயிலிற் செய்வதை அவர்கள் அடுக்களையிற் செய்தனர். சில ஆண்டுகளிலேயே வள்ளியம்மாள் இறைவன் திருவடி சேர்ந்தார். அதன்பின் 1901-ஆம் ஆண்டில் மீனாட்சி அம்மாளை மணந்தார் சிதம்பரனார். பின்னால் வந்த பெரும் புயல்களையெல்லாம் அவருடன் தாங்கியவர் இவ்வம்மையாரே.

சுதேசிக் கப்பல் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். ஆதலின் விரித்துரையேன். 1906-ஆம் ஆண்டு அக்டோபரிற் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. பங்கொன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், மொத்த மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்பது திட்டம். வள்ளல் பாண்டித்துரைத் தேவர் தலைவராயிருந்தார். அடுத்த ஆண்டிலே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிற் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பட்டினியின்றி நிற்க வழிகண்டு, கூலி உயர்வும் வார ஓய்வும் பெறத் துணை நின்றார். நல்ல வரும்படியுள்ள வக்கீல் ஒருவர் ஆலைக் கூலிகளின் அடுப்பு எரிகிறதா என்று கவலைப்பட்டார் என்பதையே நாம் குறித்துக் கொள்ளவேண்டும். அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிர் துறந்தனர்.

வழக்கு நடந்தது. நீதிபதி பின்ஹே ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் தீர்ப்பளித்தார். இரண்டு ஆயுள் தண்டனைகள். அப்போது சிதம்பரனாருக்கு வயது 35. ஒன்று, அரசுக்கு எதிராகப் பேசியதற்காக. மற்றொன்று எதற்காகத் தெரியுமா? சுப்பிரமணிய சிவா என்னும் துறவு மனத்து இளைஞருக்கு உடந்தையாயிருந்ததற்காக. அதாவது, அவருக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்து, உணவளித்து, அவர் பேச்சுக்குத் துணை நின்றதற்காக.

இல்வாழ்வான் முன்னோர், கடவுள், விருந்தினர், சுற்றத்தார், தான் என்னும் ஐந்திடத்தும் அறத்தை வழுவாது காக்கவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார் அவர். அந்த அறத்திற்கு ஓர் ஆயுள் தண்டனை! சட்டம் கற்ற சிதம்பரனாருக்கு அவ்விளைஞரைக் கைவிட்டால் தம் சுமை குறையும் என்பது தெரியாதா? தெரியும். இலையிட்டு அழைத்தவரை எழுந்து போகச் சொல்லும் வழக்கம் அவர் வீட்டில் இல்லை. அவ்வளவே.

இப்பொழுதுதான் நம் வினா கடினமாகிறது. அதனை மறைக்காமற் கேட்டுவிடுவது நன்று. இவரைக் குடும்பத் தலைவர் என்று போற்றலாமா? தீர்ப்பைக் கேட்டமாத்திரத்தில் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார், பின்னர்த் தெளியவேயில்லை. சேர்த்த பொருள் போயிற்று. தொழில் போயிற்று. முதுமையில் தந்தையும் தாயும் மகனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு வாடினர். இளம் மனைவியாரும் குழந்தைகளும் ஆதரவின்றி நின்றனர். "நாட்டுக்கு உழைத்தார், சரி. வீட்டுக்கு என்ன செய்தார்?" என்று கேட்பார்க்கு நாம் என்ன விடை சொல்வது?

குடும்பம் துன்புறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அது பொய். திருக்கோயிற் பந்தலிற் பொய் சொல்லலாகாது. அத்துன்பத்தைச் சிதம்பரனாரே மறைத்தவரல்லர். அவர் சுயசரிதையைப் படிப்பவர், நாட்டுக்காகச் சிறை சென்ற வீரரை மட்டும் அதிற் காணமாட்டார். பெற்றோரையும் மனைவி மக்களையும் தம்பியையும் எண்ணி உருகும் ஒரு மனிதரையும் காண்பார். அவருக்கு வீடு ஒரு தளையாகவும் நாடு ஒரு விடுதலையாகவும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே அன்பின் இரண்டு வட்டங்களாகத் தோன்றின. குளத்திற் கல்லெறிந்தால் முதல் வட்டம் சிறியது, அடுத்தது பெரியது. பெரிய வட்டம் எழுந்தபோது சிறிய வட்டத்தை அவர் வெறுத்தாரில்லை. அதற்குரிய சான்று அவர் சிறையினின்று மீண்ட பிறகு வாழ்ந்த 24 ஆண்டுகளில் இருக்கிறது. உலகம் அதிகம் பேசாத ஆண்டுகள் அவை.

அதற்குமுன் சிறையைப் பற்றி ஒரு சொல். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்தார். மாடு இழுக்கவேண்டிய செக்கை அவர் இழுத்தார். அச்செக்கு இன்று சென்னை கிண்டிக் காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். உடல் செக்கைச் சுற்றியபோது உள்ளம் எதைச் சுற்றியது? ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில அறிஞரின் நூலை "மனம் போல வாழ்வு" என்று தமிழாக்கினார். உடன் இருந்த கைதிகளுக்கு அறநூல்களைச் சொல்லிக் கொடுத்தார். செய்யுட்கள் இயற்றினார். "மெய்யறிவு", "மெய்யறம்" என்னும் நூல்கள் அத்தவத்தின் பயனாக விளைந்தவை. பரலி சு. நெல்லையப்பர் கோவைப்பக்கம் வந்து தங்கி, சிறையிலிருந்தவருக்கு வேண்டிய உதவிகளைச் செய்தார் என்பதையும் நன்றியுடன் நினைவு கூரவேண்டும்.

1912-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் விடுதலையானார். நான்காண்டுகளுக்கு முன் அவர் சொல்லுக்குத் தூத்துக்குடிக் கடைகளெல்லாம் அடைபட்டன. சிறை வாயிலிலோ கூட்டம் இல்லை. கம்பெனி 1911-ஆம் ஆண்டிலேயே கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சொந்தச் சீமைக்குச் சென்று வாழவும் இயலாத நிலை. மனைவி மக்களுடன் சென்னைக்கு வந்து, சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று இடம் மாறி மாறிக் குடியிருந்தார். கடை வைத்தார். நெய் வியாபாரம் செய்தார். எதுவும் நிலைக்கவில்லை.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள், சிதம்பரனாரின் துன்பம் கேட்டு உள்ளம் இளகிச் சிறிது பொருள் திரட்டினர். அதனை அவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு காந்தியடிகளிடம் இருந்தது. 1915-ஆம் ஆண்டில் அடிகள் சென்னைக்கு வந்ததை ஒட்டி இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. கணக்கு விவரம் தேடவேண்டியிருந்தமையாற் காலம் கடந்தது. இறுதியில் 1916-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த தொகை 347 ரூபாய் 12 அணா. பல லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர், இத்தொகைக்காகக் கடிதத்தின்மேற் கடிதம் எழுதிக் காத்திருந்தார். தமக்கென்று எதையும் வேண்டாத மனிதரை இரப்பதற்கு ஒப்பான நிலைக்குக் கொண்டுவந்தது எது? குழந்தைகளின் பசி. தன்மானத்தைக் குடும்பத்திற்காகத் தாழ்த்துவது, உயிரை நாட்டுக்காகக் கொடுப்பதினும் எளிதன்று என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர். "வீட்டுக்கு என்ன செய்தார்?" என்னும் வினாவுக்கு இது முதல் விடை.

திருப்பணி தொடங்கும்போது நாம் பாலாலயம் செய்தோம். மூலவரின் ஆற்றலைச் சிறியதோர் இடத்தில் எழுந்தருளச் செய்து, திருப்பணி முடியுமளவும் அங்கே வழிபட்டோம். இடம் சிறிதானதால் இறைவன் சிறியவனாகிவிட்டானா? இல்லை. சென்னை வாழ்க்கையைச் சிதம்பரனாரின் பாலாலயம் என்று நான் கருதுகிறேன். வாடகை வீட்டில், எண்ணெய்க்கும் அரிசிக்கும் முட்டுப்பட்ட அந்நாட்களில் அவர் என்ன செய்தார்? ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்பு நோக்கித் திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917-ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் வரைந்த உரையைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். அடுப்பெரியாத நாளிலும் அறிவுப்பணி நிற்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது, இன்றைய பேச்சில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டிய செய்தி. வாலேஸ் என்னும் ஆங்கிலேயர் ஒருவர், 1908-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளின்போது திருநெல்வேலிச் சீமையிற் பதவியில் இருந்தவர். பிற்காலத்திற் சென்னை உயர்நீதி மன்ற நீதிபதியானார். சிதம்பரனார் எத்தகையவர் என்பதை அவர் அறிந்திருந்தார். 1920-களின் தொடக்கத்தில், பறிக்கப்பட்ட சன்னது மீண்டும் கிடைப்பதற்கு அவரே உதவினார். அவ்வுதவியை எவ்வாறு நினைவிற் கொள்வது? சிதம்பரனார் தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

நினைத்துப் பாருங்கள். ஆங்கில ஆட்சியை எதிர்த்து ஆயுள் தண்டனை பெற்றவர். அவ்வாட்சியினால் தம்பியின் அறிவையும், தம் செல்வத்தையும், இளமையையும் இழந்தவர். அவர் தம் வீட்டில் நாள்தோறும் வாயார அழைக்கும் பெயராக ஓர் ஆங்கிலேயர் பெயரை ஈசுவரனோடு சேர்த்து வைத்தார். ஆட்சியின்மேல் பகை உண்டு. மனிதர்மேற் பகை இல்லை. செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்திற்கு இதனினும் சிறந்த உரையை எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. மணக்குடவர் உரையை அச்சிட்ட கை, அதனினும் பெரிய உரையொன்றைத் தொட்டிலருகே எழுதிவைத்தது.

சன்னது மீண்டபின் கோவிற்பட்டியிற் சில ஆண்டுகள் வழக்கறிஞராயிருந்தார். 1932-ஆம் ஆண்டிற் கப்பலோட்டிய தூத்துக்குடிக்கே திரும்பினார். வருவாய் பெரிதாக இல்லை. பழைய புகழும் இல்லை. ஆயினும் 1935-ஆம் ஆண்டிலே மெய்கண்டாரின் சிவஞான போதத்திற்கு எளிய உரையொன்றை எழுதி வெளியிட்டார். பாட்டியாரிடம் சிவன் கதை கேட்ட குழந்தை, அறுபதைக் கடந்த வயதிற் சைவத்தின் தலைநூலுக்கு உரை கண்டது. சட்டநூல் கற்றவர்க்குச் சாத்திரநூல் அயலன்று. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று முறைப்பட நிறுவுவது வழக்கு மன்றத்திலும் உண்டு, போதத்திலும் உண்டு. ஆனால் அங்கே வாதி உயிர். பெறவேண்டிய தீர்ப்பு வீடு.

மறு ஆண்டு நோயுற்றார். தம் இறுதி நெருங்கியதை உணர்ந்து உயில் ஒன்று எழுதுவித்தார். நண்பர்களே, வக்கீல்கள் எழுதிய உயில்கள் பல. நன்செய் எத்தனை, புன்செய் எத்தனை, நகை எத்தனை என்று அவை தொடங்கும். சிதம்பரனாரின் உயிலிலோ கடன்கள் வரிசையாக நிற்கின்றன. இன்ன கடைக்கு இவ்வளவு பாக்கி, இன்னாருக்கு இவ்வளவு தரவேண்டும் என்று, சிறு தொகைகளையும் விடாமற் சொல்லிவைத்தார். மனைவி மக்களின் எதிர்கால வாழ்வுக்கு என்ன வழி என்பதையும் கவலையோடு வகுத்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் உயிர் நீத்தார். அப்போது வயது 64.

அவ்வுயிலைப் படிக்கும்தோறும் எனக்குக் கண் கலங்கும். வறுமையை எண்ணி மட்டும் அன்று. கடைக்காரன் வந்து விதவையின் வாயிலில் நிற்கக்கூடாது. தம் பிள்ளைகள் "தந்தையார் ஏமாற்றினார்" என்னும் சொல்லைக் கேட்கக்கூடாது என்று கருதிய ஒரு குடும்பத் தலைவரின் அன்பை அதிற் காண்கிறேன். தாம் எதிர்க்கட்சியாக நின்று தம்மையே குறுக்கு விசாரணை செய்து, ஒரு காசும் மறைக்காமல் ஒப்புக்கொண்ட ஒரு வழக்கறிஞரின் வாய்மையையும் காண்கிறேன். இல்லறமும் வழக்கறமும் அவ்வொரு தாளிலே கூடி நிற்கின்றன. மக்களுக்கு நிலம் விட்டுச் செல்ல இயலாதவர், கறையற்ற பெயரை விட்டுச் சென்றார். "வீட்டுக்கு என்ன செய்தார்?" என்னும் வினாவுக்கு இது முடிந்த விடை.

இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அஞ்சல் தலை வந்தது, சிலைகள் எழுந்தன. இவையனைத்தும் வேண்டியவையே. ஆனால் கலசத்தைப் பொன்னால் வேய்வது ஒருநாட் செயல். உள்ளே நாள்தோறும் விளக்கேற்றுவதுதான் வழிபாடு. ஆகவே இங்குள்ள இல்லறத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இன்றிரவு வீட்டுக்குச் சென்று, நாம் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மளிகைக் கடைக் கடனைமட்டும் சொல்லவில்லை. நன்றிக்கடன் உண்டு, விருந்துக்கடன் உண்டு, நம்மால் துன்புற்றவர்க்கு நாம் சொல்லவேண்டிய ஆறுதற்கடன் உண்டு. அப்பட்டியலை மறைக்காமல் எழுதுகிறவன் வீட்டிலே இறைவன் எழுந்தருளியிருப்பான். தொழில் எதுவாயினும் கேடில்லை, வக்கீலாயினும் கேடில்லை.

முன்வரிசை அன்பர் இப்போது புன்னகை செய்யவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக் கொள்ளுகிறார். அவர் வினாவுக்கு நான் சொல்லிய விடையைக் காட்டிலும் அதுவே நல்ல விடை.



வாழ்க சிதம்பரனார் நாமம்.